காயாரோகணம் வரையாமல் விட்ட வரப்பு

ஐப்பசி பத்தொன்பதாம் தேதி, புதன்கிழமை காலை, நீடாமங்கலத்துக்குக் கிழக்கே ஒரு வரப்பு காணாமல் போனது. மழை கரைக்கவில்லை, யாரும் வெட்டவும் இல்லை. முந்தின நாள் காயாரோகணம் அந்த இடத்தைப் படம் வரைந்தபோது அதை மட்டும் வரையாமல் விட்டுவிட்டார், அவ்வளவுதான்.

காயாரோகணம் நாகப்பட்டினத்துக் கரையில் படகுகளுக்குப் பெயர் எழுதுகிறவர். ஐப்பசியில் கடல் கொந்தளித்தால் படகுகள் கரையேறிவிடும், அவர் பிழைப்பும் கரையேறிவிடும். உடனே பெயிண்ட் டப்பாக்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு, நெல் பார்க்க ரயிலேறி வந்துவிடுவார். "நெல்லப் பாத்தா வயிறு ரொம்புமா?" என்று மனைவி ராஜம்மாள் வருஷம் தவறாமல் கேட்பாள். அவருக்கு ரொம்பியது. தூர் கட்டிய சம்பாப் பயிரும், அதன்மேல் இறங்கிவரும் கறுத்த மேகமும், நடுவில் ஒற்றைக் கொக்குமாகப் பார்த்துவிட்டால் மனுஷர் சோற்றை மறந்துவிடுவார். ஆனால் கடற்கரை ஆள். தண்ணீருக்கு நடுவே எவனாவது கோடு போடுவானா என்பது அவர் கட்சி. பச்சையைக் கிழித்துக்கொண்டு ஓடிய வரப்பு அவர் கண்ணுக்கு அழுக்காகப் பட்டது, விட்டுவிட்டார். முப்பது வருஷத்தில் அப்படி ஒரு படம் அவர் கைக்கு வந்ததே இல்லை.

அரசாங்கம் குத்தகைதாரர் பெயர்களைப் பதிவு செய்துகொண்டிருந்த காலம் அது. கொடி கட்டாத மரம் கிடையாது, நிலத்தைப் பற்றிப் பேசாத டீக்கடை கிடையாது. நாணு அய்யரின் நிலத்தில் மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர், பதினாறு வருஷமாக மலர்கொடியின் சாகுபடி. கையில் துண்டுச் சீட்டு இல்லை, வரப்புதான் அவளுக்குப் பத்திரம். வெள்ளிக்கிழமை தாலுகா ஆபீஸ் அதிகாரி வருவார். தன் வயல் இதுதான் என்று காட்டினால் பதிவு, காட்டாவிட்டால் பதினாறு வருஷமும் போச்சு. நாணு அய்யர் குடையோடு வந்து, ஒரே வெளியாகக் கிடந்த பச்சையைப் பார்த்து, "என்ன அழகா இருக்கு!" என்று மனசாரச் சொன்னார். மலர்கொடி ஆள் வைத்துப் புது வரப்பு போட்டாள். போட்ட மண்ணெல்லாம் கண்ணெதிரே பயிராகிவிட்டது.

வியாழன் காலை, வாய்க்கால் மதகில் உட்கார்ந்திருந்த காயாரோகணத்தின் படத்தைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"ஏங்க, என் வரப்பு எங்கங்க?"

"அது படத்தைக் கெடுக்குதும்மா."

"நான் அதுலதாங்க நிக்கிறேன். அது இல்லன்னா எங்க போய் நிக்கிறது?"

காயாரோகணம் மத்தியானம் வரை படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பெற்ற பிள்ளைக்குச் சூடு போடச் சொன்ன மாதிரி இருந்தது அவருக்கு. பிறகு சேற்று நிறத்தைக் குழைத்து, வாய்விட்டு அழுதுகொண்டே வரப்பை இழுத்தார். படகு பழகிய கை நேராக எங்கே போகும்? கோடு படகின் வயிறு போலப் புடைத்து, அய்யர் பக்கம் அரை மா உள்ளே போய்த் திரும்பியது.

வெள்ளிக்கிழமை காலை வரப்பு வந்துவிட்டது, அதே புடைப்போடு. அறுகு மண்டி, நண்டு வளையெல்லாம் பழசாகவே இருந்தது. அதிகாரி சங்கிலி பிடித்து அளந்தார், புல்லைப் பிடுங்கி வேரைப் பார்த்தார், தலைமுறைக்கு முந்தின வரப்பு என்று தீர்மானித்து மூன்றரை மாவை மலர்கொடி பெயரில் எழுதிக்கொண்டு, இளநீர் குடித்துவிட்டுப் போனார். அய்யர் கத்தியதைக் கொக்குகள்தான் கேட்டன.

சாயங்காலம் அய்யரே காபித் தூக்கோடு மதகுக்கு வந்தார். "ஏம்ப்பா, ஒரே ஒரு கோடு. அதை நேரா இழுத்துடப்படாதா?"

காயாரோகணம் தலையைச் சாய்த்துப் படத்தைப் பார்த்தார். கெட்டுப்போயிற்று என்று நினைத்த படம் இப்போதுதான் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது.

"நேரா இழுத்தா படம் செத்துருங்க சாமி," என்றார். காபியை மட்டும் குடித்தார்.

தை பிறந்து அறுவடை ஆயிற்று. ஆட்சி இரண்டு தடவை மாறியது, அய்யரின் பிள்ளைகள் மெட்ராசுக்குப் போனார்கள். வளைந்த வரப்பில் நடந்தால் மற்ற வரப்புகளைவிட நாற்பது அடி கூடுதல். தலையில் கட்டோடு அதைத் தினம் சுற்றிப்போன மலர்கொடி ஒருநாளும் அலுத்துக்கொண்டதில்லை.