பத்தால் பெருக்காத சீட்டு

சுற்றுச்சூழல் ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக வந்த கருவிக்கு மாணவர்கள் வைத்த பெயர் மாப்பிள்ளை. மாப்பிள்ளைக்கு மட்டும் ஏசி அறை, மாப்பிள்ளைக்கு மட்டும் பூட்டிய கதவு, மாப்பிள்ளையைத் தொடுமுன் எல்லாரும் கை கழுவியாக வேண்டும். தண்ணீரில் ஈயம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று ஐந்தே நிமிடத்தில் சொல்லிவிடுவார். பேராசிரியை அவரை நம்பி ஒப்படைத்தது இளங்கலை மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தியிடம். அவள் அளந்தால் ஒரு சொட்டு கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. அதனால் அவளுக்குத் துளி என்றே பெயர் விழுந்துவிட்டது.

அந்தத் துளிதான் கோட்டை விட்டாள்.

அக்கம்பக்கத்தார் வீட்டுக் குழாய்த் தண்ணீரைக் கொண்டுவந்து இலவசமாகச் சோதித்துக்கொள்ளலாம் என்று கல்லூரி அறிவித்த நாளில் கூட்டமான கூட்டம். துளியின் எதிர்வீட்டுத் தையல்கார அக்காவும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். அவள் பாட்டிலில் தண்ணீர் துருநிறமாக இருந்தது. அப்படிப்பட்டதை நேராக ஊற்றினால் மாப்பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாது. ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு சுத்த நீர் கலந்துவிட்டு, வருகிற எண்ணைப் பத்தால் பெருக்க வேண்டும். துளி பார்த்துப் பார்த்துக் கலந்தாள். பெருக்க மறந்தாள். நாலு என்று வந்ததை நாலு என்றே சீட்டில் எழுதினாள். பத்துக்குள் இருந்தால் பயமில்லை என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள்.

மறுநாள் நோட்டிலிருந்து கணினியில் ஏற்றும்போது கண்ணில் பட்டது. நாலு இல்லை, நாற்பது. கணினியில் திருத்த அரை நிமிடம்கூட ஆகவில்லை. தெருவைக் கடந்து எதிர்வீட்டுக்குப் போகத்தான் கால் வரவில்லை. கருவி வாங்கித் தந்தவர்கள் பார்வையிட வந்து போகட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தேர்வு முடியட்டும் என்றாள். சாக்குக்கா பஞ்சம்? பேராசிரியையிடமும் வாயைத் திறக்கவில்லை. எதிர்வீட்டில் தையல் மெஷின் ஓடினாலே எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள். குழந்தையை நினைத்துப் பயந்தாள், அது உண்மை. தன் பேர் கெட்டுவிடுமே என்று அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே பயந்தாள். அது தெரிந்திருந்ததால் தன்னையே அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஒன்பதாம் நாள் காலையில் அம்மாதான் சொன்னாள். "எதிர்வீட்டு அக்கா கேன் தண்ணி வாங்கறதையே நிறுத்திட்டாளாம். எல்லாம் உன் புண்ணியம்னு சொல்லிச் சொல்லிப் பூரிச்சுப்போறா."

துளி செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள். அக்கா அடுப்பில் தண்ணீர் வைத்திருந்தாள். குழந்தை துணிக் குவியலுக்கு நடுவே உட்கார்ந்து ஒரு நூல்கண்டைச் சப்பிக்கொண்டிருந்தது.

"அக்கா, அந்தச் சீட்டு தப்பு. நான்தான் கணக்கைத் தப்பாப் போட்டுட்டேன். அந்தத் தண்ணியைக் குடிக்கக் கூடாது."

"கொதிக்க வெச்சுத்தானே கொடுக்கறேன்?"

"கொதிச்சா ஈயம் போகாதுக்கா."

அக்கா அடுப்பை அணைத்தாள். துளி திட்டுக்குக் காத்திருந்தாள், திட்டு வரவில்லை.

"சரி விடு. யாருக்குத்தான் தப்பு வராது? தெரிஞ்சதும் ஓடி வந்து சொன்னே பாரு, அதுக்கே ஒரு மனசு வேணும். வேற யாராவதா இருந்தா மூடி மறைச்சிருப்பாங்க."

தலையை ஆட்டிவிட்டு வந்திருந்தால் முடிந்துபோயிருக்கும். துளிக்குத் தலை பாதி ஆடியும்விட்டது.

"இன்னைக்குத் தெரியலக்கா," என்றாள். "தெரிஞ்சு எட்டு நாளாச்சு."

அக்கா குழந்தையிடமிருந்து நூல்கண்டைப் பிடுங்கினாள். அது வீறிட்டது. தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு தட்டிக் கொடுத்தாள். கை மட்டும்தான் தட்டியது, கண் துளியைவிட்டு நகரவில்லை.

"எனக்குப் பால் பத்தலை. பவுடர் பால்தான் கரைச்சுக் கொடுக்கறேன், ஒரு நாளைக்கு ஆறு தடவை." குரல் உயரவே இல்லை. "நேத்து உங்க வாசல்ல நின்னு இவனுக்குக் கையாட்டினியே. அப்ப இவன் வாயில பாட்டில் இருந்துச்சு. பார்த்தியா?"

"பார்த்தேன்க்கா."