வாரத்துக்கு ஓரடி

ஊரின் வடக்கே நின்ற குன்று வாரத்துக்கு ஓரடி வீதம் தெற்கே நகர்ந்து வந்தது. அதன் வழியில் இருந்த ஒரே வீடு தையல்காரருடையது. குன்று மத்திய அரசின் வனத்துறைக்குச் சொந்தம். அதன் முன்னிருந்த சாலை மாநில அரசுடையது, வடிகால் நகராட்சியுடையது, வீட்டையொட்டிய பழத்தோட்டம் தனியார் ஒருவருடையது. தடுப்புச் சுவர் எழுப்ப நான்கு தரப்பும் ஒரே தாளில் கையெழுத்திட வேண்டும். அதை வாங்குவதுதான் நில ஒருங்கிணைப்பு அலுவலரின் வேலை. அலுவலரான அவளுக்குத் தையல்காரரின் மனைவி கூடப்பிறந்த அக்கா.

தோட்டக்காரர் கேட்ட அன்றே கையெழுத்துப் போட்டார். மற்ற மூன்றும் வருமுன் இறந்துபோனார். வனத்துறை ஏழு மாதத்தில் இசைந்தது. அதற்குள் குன்று சாலையில் ஏறிவிட்டதால், சாலையில் நிற்பது தங்கள் குன்றல்ல என்று கையெழுத்தைத் திரும்பப் பெற்றது. சாலைத் துறை மனமிரங்கியபோது குன்று வடிகாலில் நின்றது. கழிவுநீரை மறித்த குற்றத்துக்கு நகராட்சி குன்றுக்கு நோட்டீஸ் அனுப்பியது. அதைப் பாறையில் ஒட்டியவளும் அந்த அலுவலர்தான்.

மூன்றாம் வருடம் அக்கா வீட்டுக் கொல்லைக் கதவைத் திறக்க முடியவில்லை.

"அக்கா, பேசாம எங்க வீட்டுக்கு வந்துடுங்க."

"நீதான் கையெழுத்து வாங்கித் தரேன்னியே. வாங்கிடுவே இல்ல?"

மாமா தையல் மிஷினிலிருந்து தலை தூக்காமல், "ஒரு வாரம்கூட லீவு போடல பாரு. உங்க ஆபீசை விட ஒழுங்கா வேலை செய்யுது" என்றார். அவள் சிரித்தாள். பிறகு தெருக்குழாயில் வெகுநேரம் முகம் கழுவினாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை பின்சுவர் ஓசையில்லாமல் விலகி வழிவிட்டது. குன்று சமையலறைக்குள் வந்து, அத்தோடு நின்றுகொண்டது. தோட்டக்காரரின் வாரிசுகளையும் சேர்த்து, நான்கு கையெழுத்தும் அந்த வாரமே கிடைத்தன. தடுப்புச் சுவரை வரைபடப்படி குன்றுக்கும் வீட்டுக்கும் நடுவில் கட்ட வேண்டும். நடுவில் விரல் நுழைய இடமில்லை. சர்வேயர் சங்கிலி பிடித்து அளந்து, சமையலறை இனி வனம், அங்கே அடுப்பு மூட்டக் கூடாது என்று எழுதிவிட்டுப் போனார். அக்கா அடுப்பை முன்னறைக்கு மாற்றினாள். குன்றோடு வந்த மரத்தின் கிளை ஒன்றில் மாமா தைத்து முடித்த சட்டைகளைத் தொங்கவிட்டார். வாடிக்கையாளர்கள் அண்ணாந்து பார்த்துத் தங்களுடையதை அடையாளம் சொன்னார்கள்.

வனத்துக்குள் குடியிருக்கவும் அனுமதி வேண்டும் என்றது வனத்துறை. அலுவலர் புதுத் தாளோடு வந்தாள். இதற்கும் நாலு கையெழுத்து. முகத்தைப் பார்த்தே அக்காவுக்கு விளங்கிவிட்டது.

"டீ போடறேன். அந்தப் பக்கம் உக்காராதே, முள்ளு இருக்கு" என்றாள் அக்கா.