அடுப்படியில் மட்டும் வராத கால்

எனக்கு வாய் ஜாஸ்தி. எங்கள் ஊர் வேங்கிக்காலில் டிபன் கடை திரௌபதி யார் என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். கடையில் என்னோடு நிற்பவள் என் ஓரகத்தி சிந்துஜா, என் கொழுந்தன் செழியனின் மனைவி. மூன்று வருஷமாக அவள் இல்லாமல் எனக்கு ஒரு ஈடு இட்லி வெந்ததில்லை.

பங்குனி வெயிலில்தான் ஆரம்பித்தது. தோசைக்கல் முன்னால் அரைமணி நேரம் நின்றால் அவளுக்கு இடது கால் இழுக்கும், கண் மங்கும், கரண்டி நழுவும். ஃபேனுக்குக் கீழே கொஞ்ச நேரம் உட்கார்ந்தால், ஒன்றுமே நடக்காதவள் மாதிரி எழுந்து வருவாள். கூட்டம் நெரியும் நேரத்தில் இதைப் பார்த்தால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது?

"அடுப்பாண்ட வந்தா மட்டும் காலு வராதா? சினிமால போய்ச் சேந்துடுடி, நல்லா நடிக்கிற" என்று சாப்பிடுகிறவர்கள் முன்னாலேயே கேட்டேன். அவள் குனிந்து, நழுவிய கரண்டியை எடுத்துக் கழுவினாள். அதற்கும் எனக்குக் கோபம்.

கடைசியில் வேஷத்தைக் கலைக்க நானே டாக்டரிடம் இழுத்துப்போனேன். "ஸ்கேன்ல ஒண்ணும் இல்லனு வரட்டும், அப்புறம் நீ கடைப்பக்கமே வராத" என்று ஆட்டோவிலேயே சொல்லிவிட்டேன்.

ஸ்கேன் எடுத்து முடித்ததும் டாக்டரம்மா படத்தைக் காட்டினார். மூளைக்குள் அங்கங்கே வெள்ளைத் திட்டுகள்.

"நரம்பு மேல ஒரு உறை இருக்கும்மா. அதைச் சுத்தி விடறதுக்குனே கிளியானு மூளையில ஒரு வகை செல்லுங்க இருக்கு. உறை நல்லா இருந்தா மூளை சொல்றது காலுக்கு டக்குனு போயிடும். இவங்களுக்கு அது அங்கங்க உரிஞ்சிருக்கு. உடம்புல சூடு ஏறினா சேதி அந்த எடத்துல நின்னுடும். ஆறினா மறுபடி போகும்."

நான்தான் கேட்டேன், "சரியாயிடுங்களா?"

"முழுசா சரியாகும்னு சொல்ல முடியாது. ஜாஸ்தியாகாம பாத்துக்க மருந்து இருக்கு."

சிந்துஜா அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், "அப்ப நான் நடிக்கலைங்களா டாக்டர்?" என்றாள்.

"யாரும்மா அப்படிச் சொன்னது?"

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. "யாரும் சொல்லலைங்க. உக்காந்தா சரியாயிடுதே, வேலைக்கு டபாய்க்கிறேனோனு எனக்கே ஒரு சந்தேகம்."

"நான்தாங்க சொன்னேன்" என்றேன். மேசை மேலேயே தலையைக் கவிழ்த்து அழுதேன். இத்தனை நாளாகத் தன்னையே நம்பாமல் தனியாகத் தவித்தவள், "விடுங்கக்கா" என்று முந்தானையால் என் முகத்தைத் துடைக்கிறாள், பாவி.