பின்னால் நின்று பார்த்தவள்

கோப்பாயில் கனகலிங்கத்தின் முற்றத்தில் அந்த வெள்ளைக் கார் காலையிலிருந்து நின்றது. சிமியோன் அதன் பெடல்களுக்கு மேலே தலையை நுழைத்து, இரண்டு காலையும் வெளியே நீட்டிக்கொண்டு கிடந்தான். பிரேக்கை மிதித்தால் பின் லைற் எரியவில்லை. பல்புகளைக் கழற்றிப் பார்த்தான், பழுதில்லை. பியூஸ் போகவில்லை. வயரும் எங்கும் அறவில்லை. கடைசியில் பெடலுக்கு மேலே இருந்த பெருவிரலளவு சுவிச்சில்தான் குற்றம் என்று பிடித்தான்.

"முதலாளி, சுவிச் தேஞ்சு போச்சு. புதுசு ஒண்டு வேணும்."

"இப்ப எங்கை போய் வாங்கிறது? பன்ரண்டரைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரர் வருவினம். துடைச்சுப் பூட்டு, காணும்," என்றார் கனகலிங்கம். நான்கு வாகனங்களை வாடகைக்கு விடுகிற மனிதர். கலியாண மாதம் வந்தால் எப்போதும் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டுதான் நிற்பார்.

சிமியோன் சுவிச்சில் பிடித்திருந்த துருக் கறளைச் சுரண்டித் திரும்ப அதே இடத்தில் பூட்டினான். வழக்கமாகப் பெடலுக்கும் சீற்றுக்கும் இடையே ஒரு தடியை முட்டுக்கொடுத்துவிட்டு அவனே பின்னால் போய்ப் பார்ப்பான். அன்று முதலாளி தலைமாட்டிலேயே நின்றதால் தடியைத் தேட நேரமில்லை. முற்றத்தின் மறுகரையில் வெள்ளை வான் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்த வேலைக்காரி செல்வநாயகியைக் கூப்பிட்டான்.

"அக்கா, ஒருக்கா பின்னாலை நிண்டு பாருங்கோ. எரியுதோ?"

உச்சி வெயில் காரின் மேல் பட்டுத் தெறித்தது. செல்வநாயகி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்து ஆறு மாதமாகிவிட்டது. ஆசுபத்திரியில் சத்திரசிகிச்சைக்கு நாள் கொடுத்திருந்தார்கள். அதற்கு இன்னும் மூன்று மாதம் கிடந்தது. வேலை செய்கிற இடத்தில் அதை அவள் ஒருத்தருக்கும் சொல்லவில்லை. போன கிழமை அவள் வாளியில் கால் தடக்கி விழப்போனதைக் கண்டு, "கண் தெரியாட்டி வீட்டிலை இரும், நான் வேறை ஆளைப் பாக்கிறன்" என்று முதலாளி சொல்லியிருந்தார். பகிடிக்குச் சொல்கிற மனிதர் இல்லை அவர். வீட்டில் புருஷன் விட்டுவிட்டுப் போன மகளும் இரண்டு பேரப்பிள்ளைகளும் இவளுடைய சம்பளத்தைத்தான் பார்த்திருந்தார்கள்.

சிவப்பாக ஏதோ தெரிந்தது. கண்ணாடியே சிவப்புத்தானே. உள்ளே எரிகிறதா, வெயில்தான் மினுங்குகிறதா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. இன்னொரு தடவை மிதிக்கச் சொல்ல வாயெடுத்தாள். முதலாளி அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எரியுது தம்பி," என்றாள்.

மாப்பிள்ளை வீட்டாரை ஏற்றிக்கொண்டு சாவகச்சேரிக்குப் போகும் வழியில், ஏ-ஒன்பது வீதியில் காருக்குக் குறுக்கே ஒரு மாடு வந்தது. கார் சடுதியாக நின்றது. பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்த பெடியன் கார் நிற்கப்போவது தெரியாமல் அடிபட்டு விழுந்தான். தொடையெலும்பு முறிந்தது. செய்தி பின்னேரமே வந்துவிட்டது. செல்வநாயகிக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை.

அடுத்த நாள் காலை கனகலிங்கம் பொலிஸிலிருந்து நேரே சிமியோனிடம் வந்தார்.

"பொலிஸ்காரன் பிரேக்கை மிதிச்சுப் பாத்தவன். ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. நீ என்னடாப்பா வேலை செய்தனி?"

"நான் புது சுவிச் கேட்டனான் முதலாளி."

"ஆரைக் கேட்டனி? எப்ப கேட்டனி?"

சிமியோன் திகைத்துப்போனான். "பூட்டிப்போட்டு மிதிச்சுப் பாத்தனான். எரியுது எண்டு அக்காதான் பாத்துச் சொன்னவா. கேட்டுப் பாருங்கோ."

முதலாளி அவள் பக்கம் திரும்பினார். முந்தின நாள் அவள் சொன்னது அவர் காதிலும் விழுந்ததுதான். ஆனாலும் கேட்டார்.

"நீர் பாத்தனீரோ?"

பார்த்தேன் என்றால் கண் விஷயம் வெளிவரும். வேலையும் போகும்.

"நான் வான் கழுவிக்கொண்டு நிண்டனான். என்னை ஒருத்தரும் கூப்பிடேல்லை."

சொல்லி முடித்த கையோடு உடம்பு முழுவதும் கூசிப்போயிற்று. ஐம்பத்தாறு வயதில், தன்னை அக்கா என்று கூப்பிடுகிற ஒருவன் முகத்துக்கு நேரே நின்று பொய் சொல்லியிருக்கிறாள். பூமி பிளந்து தன்னை விழுங்கினால் நல்லது என்று நினைத்தாள்.

"கேட்டியோ? நாளைக்கு வரவேண்டாம். பொலிஸுக்கும் உன்ரை பேரைத்தான் குடுத்தனான்," என்றார் கனகலிங்கம்.

சிமியோன் குழாயடியில் நின்று முழங்கைவரை சவர்க்காரம் போட்டுக் கழுவினான். செல்வநாயகி பக்கத்தில் போய் நின்றாள். காலில் விழலாமா என்றுகூட இருந்தது.

"தம்பி…"

"எரியேல்லை எண்டு சொல்லியிருந்தா நான் திரும்பக் கழட்டியிருப்பனெல்லோ அக்கா," என்றான் அவன். "அந்தப் பெடியனுக்கு வயது பத்தொன்பதாம்."

கண் தெரியவில்லை என்று இப்போதாவது சொல்லிவிடலாம். முதலாளிக்கும் கேட்கிற தூரம்தான். அவள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். சிமியோன் சைக்கிளை உருட்டிக்கொண்டு படலையைத் தாண்டிப் போனான். அவளுக்கு அவன் போவது கலங்கலாகத்தான் தெரிந்தது.

"செல்வநாயகி!" கனகலிங்கம் வானில் ஏறியிருந்து கூப்பிட்டார். "உவனும் போயிட்டான். இனி நீர்தான் பின்னாலை பாத்துச் சொல்லோணும். வானைப் பின்பக்கமா எடுத்து உள்ளுக்கு விடப்போறன். உதிலை மதிலடியிலை வந்து நில்லும்."

அவள் மதிலுக்கும் வானுக்கும் நடுவில் போய் நின்றாள். எஞ்சின் உறுமியது. வெள்ளையாக ஒன்று அவளை நோக்கி வந்தது. ஒரு அடி பின்னால் வைத்தாள். மதில் முதுகில் முட்டியது. வானுக்கும் தனக்கும் நடுவில் எவ்வளவு இடம் என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

"இடம் கிடக்கோ?"

"கிடக்கு முதலாளி," என்றாள் செல்வநாயகி. "வாங்கோ."