தறி காலியானதும் முட்டை

1

இந்தக் கதை பிறந்த இடம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழு. அதை ஏன் மறைக்க வேண்டும்?

ஒரு வெள்ளிக்கிழமை என் சித்தப்பா வேலு ஒரு செய்தியை அனுப்பினார். யாரோ யாருக்கோ அனுப்பி, நாலு ஊர் சுற்றி வந்தது. ஓரமெல்லாம் பச்சை இலை, நடுவில் மஞ்சள் எழுத்து: காலையில் துளசித் தண்ணீர், மதியம் மோர், இரவில் மிளகுப் பால், இப்படி வாழ்கிறவர் உடம்பில் நோய்க்கு இடமில்லை. கீழே சித்தப்பா சொந்தமாக ஒரு வரி சேர்த்திருந்தார்: "நம்ம வூட்லயும் சில பேர் படிக்கணும்." கூடவே ஒரு கும்பிடு.

சில பேர் என்று அவர் சொன்னது ஒரே ஒரு ஆளை. என் அக்காவை.

நான் குவைத்தில் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை செய்கிறேன். விரலால் தட்டுகிற பொறுமை எனக்குக் கிடையாது. மைக்கை அழுத்திப் பேசினால் கைபேசியே எழுதிக்கொள்ளும். அழுத்தினேன். "சித்தப்பா, நீங்க ஒரு" என்று தொடங்கி, அழித்தேன். "சித்தப்பா, உங்க வயசுக்கு மரியாத குடுத்து" என்று தொடங்கி, அதையும் அழித்தேன். அடுத்த முறை நிறுத்தாமல் பேசினேன். முடித்துப் பார்த்தால் பதில் கதையாகியிருந்தது. பிறகு உட்கார்ந்து பேச்சை எழுத்தாகத் திருத்தினேன். கோபத்தைத் திருத்தவில்லை.

2

எப்படித் தொடங்குவது என்பதில் கொஞ்சம் திண்டாடினேன். நீங்களே பாருங்கள்.

முதல் தொடக்கம்: "பட்டுக்குப் பேர்போன ஆரணியில், சூரியன் உதிக்கும் முன்பே தறிகளின் ஓசை

வேண்டாம். இது புடவைக் கடை விளம்பரம்.

இரண்டாம் தொடக்கம்: "எழிலரசி இருமினாள்."

இதுவும் வேண்டாம். முதல் வரியில் ஒரு பெண் இருமினால் கடைசிப் பக்கத்தில் அவள் செத்துவிடுவாள் என்று கதை படிக்கிறவர்கள் முடிவு கட்டிவிடுவார்கள். எழிலரசி சாகமாட்டாள். சாகடிக்க எனக்கு அனுமதி கிடையாது. இதை எழுதலாமா என்று அக்காவிடம் கேட்டபோது அவள் போட்ட நிபந்தனைகளில் அது ஒன்று. இன்னொன்று பெயர். "நெசப் பேரு போடாத. ஆனா நல்ல பேரா வை. ஏதாவது ஆயா காலத்துப் பேரா வெச்ச, வந்தப்புறம் அடி வாங்குவ."

(குழுவில் எல்லோருக்கும் அவள் யாரென்று தெரியும். இருந்தாலும் எழிலரசி என்ற பெயர் அவளே தேர்ந்தெடுத்தது. இந்த வீட்டில் அவள் கேட்டு உடனே கிடைத்த பொருள் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.)

மூன்றாம் தொடக்கம் ஜன்னலில் இருக்கிறது. அங்கிருந்தே போகலாம்.

3

ஜன்னல் மூடியிருந்தது. வெறும் தாழ்ப்பாள் போட்ட மூடல் இல்லை. இடுக்கில் கோணிச் சாக்கை மடித்துச் செருகி, அதன்மேல் பழைய காலண்டர் அட்டையை வைத்து ஆணி அடித்திருந்தது. வெயில் காலத்தில் காற்று பட்டால் பட்டிழை வறண்டு போகும். வறண்ட இழை அறும். அறுந்தால் தறியை நிறுத்தி முடிச்சுப் போட வேண்டும். அதனால் அந்த அறைக்குள் காற்று வரக்கூடாது.

எழிலரசி அந்த அறையில்தான் காலையில் தறிக்குக் கீழே இருக்கும் குழிக்குள் காலை இறக்கி நெய்ய உட்காருவாள். நடுவில் எழுந்து சமைப்பாள். திரும்பவும் உட்காருவாள். அவள் எழுந்திருக்கும் நேரத்தில் அவள் கணவன் லோகநாதன் உட்காருவான். தறி நிற்காது. அந்த அறையின் மூலையில்தான் அவள் படுக்கையும்.

அவளுக்கு வந்தது காசநோய். வீட்டில் யாரும் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை, "அது" என்பார்கள். சர்க்கார் ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். ஒரு நாளும் தவறாமல் விழுங்கினாள். இப்போது அடுத்தவருக்குத் தொற்றாது என்றும் சொல்லிவிட்டார்கள். ஆனால் மாதா மாதம் எடைக் கருவியில் ஏறி நின்றால் முள் இருந்த இடத்திலேயே இருந்தது.

டாக்டரம்மா கோபக்காரர் இல்லை. அன்றைக்குக் கோபப்பட்டார்.

"மாத்திர கிருமிய கொல்லும்மா. அதுக்கப்புறம் ஒடம்ப யாரு கட்டறது? நீ துன்ற சோறுதான் கட்டணும். முட்ட சாப்பிடு. பருப்பு சாப்பிடு. நல்லா தூங்கு. ஜன்னல தொறந்து வை. இப்படியே போனா வேற ஏதாவது வந்து திரும்பவும் படுத்துடுவ. அப்ப எழுந்திருக்கறது கஷ்டம்."

"சரிங்க," என்றாள் எழிலரசி.

வெளியே வந்து பேருந்துக்கு நிற்கும்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது. எதற்குச் சரி என்று சொன்னோம்? அவர் சொன்னதில் ஒன்றாவது அவள் கையில் இருக்கிறதா?

4

"அத்த, டாக்டரம்மா முட்ட சாப்பிட சொல்லிச்சு."

மாமியார் பொன்னம்மாள் சொம்பைக் கீழே வைத்தாள். "இன்னா சாப்பிட சொல்லிச்சு?"

"முட்ட. தெனமும்."

"தறியில இன்னா கீதுன்னு தெரியுமா, தெரியாதா?"

"முகூர்த்தப் பொடவ."

"தெரிஞ்சிகினே கேக்கறியே. அதக் கட்டிகினு ஒரு பொண்ணு தாலி வாங்கப் போவுது. அது தறிய வுட்டு எறங்கற வரிக்கும் இந்த வூட்ல கவிச்சி கெடையாது. நா மட்டும் இன்னா, கருவாடு வறுத்துத் துன்னுகினா கீறேன்?"

சாப்பிட்டுக்கொண்டிருந்த லோகநாதன் கையை உயர்த்தினான். "பேஜார் பண்ணாதீங்க ரெண்டு பேரும். தறி காலியாவட்டும். அன்னிக்கே ஒரு அட்ட முட்ட வாங்கியாந்து வெக்கறேன். நீ துன்னு, யாரு கேக்கறது?"

"எப்பங்க காலியாவும்?"

அவன் ரசத்தைக் கேட்டான்.

தறி பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பாவு என்பது தறியில் நீளவாக்கில் கட்டும் இழைகள். ஒரு பாவில் ஒரு புடவை மட்டும் வராது; ஒன்றை அறுத்தால் அடுத்தது அதே பாவில் தொடங்கும். பாவே தீர்ந்தாலும் பழைய இழைகளின் முனையோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைத்துவிடுவார்கள். அப்படிச் செய்தால்தான் வேலை மிச்சம். ஆகவே தறி காலியாவதே இல்லை. எழிலரசி கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அது காலியானதில்லை. முன்பெல்லாம் சாதாரணப் புடவைகள் நடுவில் வரும். அப்போது வீட்டில் மீன் மணக்கும். இப்போது லோகநாதனின் கைவேலைக்கு நல்ல பெயர். முகூர்த்தப் புடவைக்குப் பின்னால் முகூர்த்தப் புடவை. புருஷனுக்குப் பெயர் கிடைத்ததில் பெண்டாட்டிக்கு முட்டை போயிற்று.

[பொன்னம்மாளைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். அவளை வில்லியாக்கிவிட்டேனோ? வில்லியாக இருந்தால் கதை எனக்குச் சுலபம். ஆனால் அவள் கருவாட்டுக் குழம்பு என்ற பேச்செடுத்தாலே ஏக்கத்தில் குரல் மாறுகிறவள். தானும் வாயைக் கட்டிக்கொண்டுதான் மருமகள் வாயைக் கட்டுகிறாள். முகம் தெரியாத ஒரு பெண் நன்றாக வாழ வேண்டும் என்று மெய்யாகவே நம்புகிறாள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பெண் நன்றாக வாழ வேண்டும் என்பது ஏன் அந்த நம்பிக்கைக்குள் வரவில்லை என்று யோசித்தேன். பதில் கிடைக்காததால் இந்தப் பத்தியை அடைப்புக்குள் போட்டேன்.]

5

இங்கே கதையை நிறுத்திக் கொஞ்சம் சண்டை போடப் போகிறேன். வேண்டாதவர்கள் அடுத்த எண்ணுக்குப் போகலாம். சித்தப்பா, நீங்கள் போகக்கூடாது.

நோய் எதிர்ப்புச் சக்தி என்கிறீர்கள். போன மாதம் அக்காவுக்கு ஒரு டப்பா லேகியம் வேறு அனுப்பினீர்கள். உடம்புக்குள் ஒரு காவல் இருப்பது நிஜம். அதற்குச் சாப்பாடு வேண்டும், தூக்கம் வேண்டும், நல்ல காற்று வேண்டும், கொஞ்சம் நடை வேண்டும். இதெல்லாம் நானும் படித்தேன். ஒன்றும் பொய்யில்லை. ஆனால் இதையெல்லாம் எழுதுகிறவர்கள் ஏன் எல்லாவற்றையும் "சாப்பிடுங்கள்", "தூங்குங்கள்" என்றே எழுதுகிறார்கள்? "சாப்பிட விடுங்கள்", "தூங்க விடுங்கள்" என்று ஒருவராவது எழுதக்கூடாதா?

பயறு இருக்கிறதே, பருப்பு இருக்கிறதே, முட்டைதானா உலகம் என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. முட்டை தொடாமலே திடமாக இருக்கிறவர்கள் இந்த ஊரில் எத்தனையோ பேர். ஆனால் அந்த வீட்டில் பருப்பு வேகவைப்பது யார்? பரிமாறுவது யார்? கடைசியில் உட்காருவது யார்? குண்டானின் அடியில் அவளுக்கு மிஞ்சுவது மஞ்சள் தண்ணீர். முட்டையில் ஒரு வசதி உண்டு. அதைக் கரைத்து நாலு பேருக்கு நீட்ட முடியாது. அவளுக்கென்று வைத்தால் அது அவளுக்குத்தான்.

நோய் வந்தவளைப் பார்த்து "நீ ஒழுங்கா இருந்திருந்தா வந்திருக்காது" என்று சொல்வது எவ்வளவு சௌகரியம்! சொன்னவர் கை சுத்தமாகிவிடுகிறது. அவள் ஒழுங்காக இருக்க நாம் என்ன

போதும். மூச்சு வாங்குகிறது. கதைக்குப் போவோம்.

6

அந்த ஞாயிற்றுக்கிழமை வேலூரிலிருந்து கல்யாணப் பெண் வந்தாள். தன் முகூர்த்தப் புடவை தறியில் இருக்கும்போதே பார்க்க வேண்டுமாம். அம்மா, மாமா, ஒரு சித்தி, எல்லோரும் காரில் வந்து இறங்கினார்கள்.

எழிலரசிக்கு முதலில் தெரிந்தது வாசனை. பட்டை, கிராம்பு, நெய். நிச்சயமாகப் பிரியாணி.

"கண்ணமங்கலத்துல நிறுத்தி சாப்ட்டு வந்தோம்," என்றார் பெண்ணின் மாமா, பல்லைக் குத்திக்கொண்டே. "கறி பஞ்சு மாதிரி இருந்துச்சு."

பொன்னம்மாள் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

பெண் தறிக்குப் பக்கத்தில் குனிந்தாள். விரலால் சரிகைக் கரையைத் தடவினாள். "அய்யோ, எவ்ளோ அழகு!" என்றாள். அவளுடைய சந்தோஷத்தில் பொய்யில்லை. அந்த விரலைத்தான் எழிலரசி பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்துக்கு முன்பு அந்த விரல் எதைப் பிய்த்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும். பொன்னம்மாளுக்கும் தெரியும்.

பெண்ணின் அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டார். "மூச்சு முட்டுதுங்க. ஒரு ஜன்னல் கூடத் தொறக்க மாட்டீங்களா?"

"இதோங்கம்மா, இதோ," என்றான் லோகநாதன்.

காலண்டர் அட்டையைப் பிடித்து ஒரே இழுப்பு. ஆணி தெறித்தது. சாக்கை உருவி எறிந்தான். கதவைத் தள்ளினான். உள்ளே வந்த வெளிச்சத்தில் தூசி பறந்தது. எழிலரசிக்குக் கண் கூசிற்று. காற்று அவள் கழுத்து வியர்வையில் பட்டது.

தறியில் ஒரு இழை அறுந்தது. கொஞ்சம் கழித்து இன்னொன்று. லோகநாதன் குனிந்து முடிச்சுப் போட்டான். போட்டுக்கொண்டே வேலூர் வெயிலைப் பற்றி மாமாவிடம் பேசினான். அவ்வளவுதான் நடந்தது.

எழிலரசி அந்த முடிச்சுகளைப் பார்த்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்தாள். எத்தனை தடவை கேட்டிருப்பாள்! கெஞ்சிக் கேட்டாள், அழுது கேட்டாள், டாக்டரம்மா பேரைச் சொல்லிக் கேட்டாள். வந்தவர்கள் ஒரு தடவை கேட்டார்கள்.

"ஏங்க," என்றாள். எல்லோரும் திரும்பினார்கள். "அவ்ளோதானா?"

"இன்னா அவ்ளோதானா?"

"ரெண்டு முடிச்சிதானா?"

லோகநாதன் மறுபடியும் குனிந்து அந்த முடிச்சுகளைத் தடவினான்.

வந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. கிளம்பும்போது அந்தப் பெண் காருக்கு ஓடிப் போய் ஒரு பொட்டலத்தோடு திரும்பி வந்தாள். வாழை இலை, அதற்கு மேல் செய்தித்தாள், அதற்கு மேல் நூல்.

"அக்கா, இது உங்களுக்கு. எனக்காகத்தான இவ்ளோ கஷ்டப்பட்டு நெய்றீங்க? முட்டையும் வெக்கச் சொன்னேன்."

எழிலரசியின் கையில் வைத்துவிட்டு ஓடினாள். கார் போயிற்று.

பொட்டலம் இன்னும் சூடாக இருந்தது. பொன்னம்மாள் எதிரில் நின்றாள்.

7

இனி எனக்கு வழி தெரியவில்லை. எழுதிப் பார்த்த முடிவுகள் இவை.

முடிவு அ: பொன்னம்மாள் பொட்டலத்தைப் பிடுங்கித் தெருவில் எறிகிறாள். (கோபத்துக்கு நல்லது. ஆனால் அவள் சோற்றை எறிகிறவள் இல்லை.)

முடிவு ஆ: பொன்னம்மாள் கண் கலங்கி, தன் கையாலேயே முட்டையை ஊட்டிவிடுகிறாள். (இதைப் படித்தால் குழுவில் ஆளுக்கு ஒரு இதயம் போட்டுவிட்டுப் படுத்துத் தூங்கிவிடுவார்கள். கொடுக்கமாட்டேன்.)

முடிவு இ: லோகநாதன் முன்னால் வந்து, "அம்மா, இனிமே

அவன் வரவில்லை. சாக்கைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, அதை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். அக்கா அதுவரைதான் சொல்லியிருக்கிறாள்.

8

அதனால் அக்காவையே கூப்பிட்டேன்.

"அப்புறம் இன்னா ஆச்சு? துன்னியா, இல்லியா?"

"கத எழுதறவன் நீதான? நீயே சொல்லு."

"வெளாடாத. குருப்புல போடணும். சித்தப்பாவுக்குப் பதில் சொல்லணும்."

"நா இன்னா துன்னேன்னு குருப்புல ஓட்டுப் போடப் போறீங்களா?" என்றாள். "எட எவ்ளோன்னு கேக்கறாங்க, இருமல் நின்னுச்சான்னு கேக்கறாங்க, பாலு குடிச்சியான்னு கேக்கறாங்க. என் வாயில இன்னா போவுதுன்னு ஊருக்கே கணக்கு வேணும். நீயும் கேளு."

எனக்குச் சுருக்கென்றது. போனை வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

அப்போதுதான் கேட்டது. "தக்காளி, தக்காளி, நாட்டுத் தக்காளி" என்று தள்ளுவண்டிக்காரரின் குரல். அவ்வளவு பக்கத்தில், என் காதுக்குள்ளேயே கூவுவது போல. பின்னால் தறியும் அடித்துக்கொண்டிருந்தது. அந்த அறையிலிருந்து அக்கா எத்தனையோ தடவை பேசியிருக்கிறாள். தெருச் சத்தம் ஒரு நாளும் எனக்குக் கேட்டதில்லை.

"அக்கா, ஜன்னலு..."

"வேல கீது. வெக்கறேன்," என்றாள்.

சித்தப்பா, கதையை மேலே அனுப்பியிருக்கிறேன். பொட்டலம் அவள் கையில் இருக்கிறது. அவள் அதைச் சாப்பிடலாமா, கூடாதா என்று நீங்களே

இல்லை. இந்த வரியை அடிக்கிறேன். உங்களிடம் கேட்டு எழுதுகிற முடிவாக அது இருக்கக்கூடாது. என்னிடம் கேட்டு எழுதுகிற முடிவாகவும் இருக்கக்கூடாது. படிக்கிற நீங்கள் எல்லோரும் மனதுக்குள் ஒரு முடிவு வைத்திருப்பீர்கள். அதை உங்கள் வீட்டில், கடைசியாகச் சாப்பிட உட்காருகிறவளின் தட்டைப் பார்த்துவிட்டு எழுதிக்கொள்ளுங்கள். இங்கே ஜன்னல் திறந்திருக்கிறது. எழிலரசி பொட்டலத்தின் நூலில் நகத்தை வைத்திருக்கிறாள். அறுக்கப் பார்க்கிறாளா, அவிழ்க்கப் பார்க்கிறாளா என்று எட்டிப் பார்க்காதீர்கள். கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்கள்.