இரண்டாவது ரிமோட்டு

பக்கிரிக்கு அரசாங்கம் கொடுத்தது இரண்டே இரண்டு. வாலிபத்தில், உச்சவரம்புச் சட்டத்தில் பண்ணையாரிடமிருந்து எடுத்த ஒரு ஏக்கர் மிச்ச நிலம். தலை நரைத்த பிறகு ஒரு கலர் டிவி.

நிலத்தைக் கொடுத்தபோது தாலுகா ஆபீசில் நிற்க வைத்துக் கண்டிஷன் படித்தார்கள். விற்கக் கூடாது, அடமானம் வைக்கக் கூடாது, தரிசாகப் போடக் கூடாது. மீறினால் பட்டா ரத்து. டிவியைக் கொடுத்தபோது யாரும் எதையும் படிக்கவில்லை. தூக்கிக்கொண்டு போ என்றார்கள். அதில்தான் பக்கிரிக்குச் சந்தேகம். சும்மா கொடுப்பானா? மூன்றாம் வகுப்போடு நின்றவர்தான். ஆனாலும் பெட்டியில் ‘தமிழ்நாடு அரசு’ என்று இருப்பதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டார். நிலத்துக்கு உள்ளது போல இதற்கும் ஒரு கண்டிஷன் கட்டாயம் இருக்கும், மீறிய பிறகுதான் சொல்வான் என்று முடிவு கட்டிக்கொண்டார்.

டிவி வந்த வருஷம் பங்குனியில் உளுந்து பிடுங்கிக்கொண்டிருந்த அவர் மனைவி காத்தாயி அப்படியே வயலில் சாய்ந்தாள். வாதம். ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் கிடந்து எழுந்து வந்தாள். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. வலது கை அவள் பேச்சைக் கேட்கவில்லை. விரலை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் மடங்கிப் போகும் என்று சொல்லி, அமுக்குவதற்கு ஒரு ரப்பர் பந்து கொடுத்திருந்தார்கள். காத்தாயி அதை உருட்டி விட்டாள்.

“நாய்க்குப் போடுங்க.”

மூன்று வேளையும் பக்கிரிதான் பிசைந்து ஊட்டினார். ஒவ்வொரு வாய் வாங்கும்போதும் அவள் கண்ணை மூடிக்கொள்வாள். ஏழு வயதில் நடவுக்கு இறங்கி, தன் கையால் உழைத்துத் தன் கையால் அள்ளித் தின்றவள். அந்த மூடிய கண்ணைப் பார்ப்பதுதான் பக்கிரிக்கு மற்ற எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் மகன் இளையபெருமாள், லீவில் வந்தபோது ஒரு டிவி கேம் வாங்கி வந்தான். சின்னப் பெட்டி, ஒரு கேசட்டு, ஒயர் வைத்த இரண்டு ரிமோட்டு.

“அம்மா கைக்கு நல்லதுப்பா. பட்டன அமுக்கிக்கிட்டே இருக்கணும்ல?”

“கவர்மெண்டு டிவியில இதச் சொருவலாமாடா?”

“அதனால என்னப்பா?”

“ஒனக்கென்ன. பட்டா ஒன் பேர்லயா இருக்கு?”

மகன் சிரித்துக்கொண்டே சொருகினான். “இது சீனா சாமான். எங்க ரூம்ல கம்ப்யூட்டர்ல ஆடுறவன் இத கேமுன்னே ஒத்துக்க மாட்டான். பிளேஸ்டேஷன்ல ஆடுறவன் கம்ப்யூட்டர்காரனையே மதிக்க மாட்டான்.”

“அதுலயும் சாதி வெச்சிட்டானுவளா?” என்றார் பக்கிரி.

கேசட்டில் இருந்த ஒவ்வொரு ஆட்டத்தைப் பற்றியும் அவருக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. வாத்துச் சுடுவதைப் பார்த்து, “வாத்து மேய்க்கிறவன் வயித்துல அடிக்க ஒரு ஆட்டமா?” என்றார். கார் பந்தயத்தைப் பார்த்து, “கெளம்புன எடத்துக்கே வர்றதுக்கு எதுக்குடா இவ்வளவு அவசரம்?” என்றார். காட்டுக்குள்ளே இரண்டு பேர் துப்பாக்கியோடு ஓடும் ஆட்டத்தைத்தான் அதிகம் திட்டினார். “எதுக்க வர்றவன் யாரு எவருன்னு கேக்காம சுடுறது போலீஸ்காரன் வேல.”

காத்தாயிக்கு அதுதான் பிடித்துப்போயிற்று. மகன் இருந்த நான்கு நாளும் அவனோடு ஆடினாள். அவன் ஊருக்குப் போன பிறகு தனியாக ஆடிப் பார்த்தாள். அவள் கட்டைவிரல் பட்டனை அமுக்குவதற்குள் படத்தில் அவளுடைய ஆளான மஞ்சள் சட்டைக்காரன் ஆற்றில் விழுந்து செத்தான். துணைக்கு ஆள் இல்லாமல் அந்த ஆற்றைத் தாண்ட முடியாது.

துணைக்கு வந்தது, வரக் கூடாத இடத்திலிருந்து. ஒரு நாள் பக்கிரி மருந்து வாங்கிக்கொண்டு திரும்பினால், மருதையன் பெண்டாட்டி அகிலாண்டம் காத்தாயி பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்து ரிமோட்டை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

மருதையனும் பக்கிரியும் ஒரு காலத்தில் கூலிப் போராட்டத்தில் ஒரே லாரியில் ஏறித் திருச்சி ஜெயிலுக்குப் போனவர்கள். ஒரே துண்டை விரித்துப் படுத்தவர்கள். மிச்ச நிலம் பிரித்தபோது பக்கத்துப் பக்கத்து வயல் கேட்டு வாங்கியவர்கள். ஒரு வெள்ளத்தில் இரண்டு வயலுக்கும் நடுவே ஓடிய வாய்க்கால் தடம் மாறியது. இருபது குழி நிலம் யாருக்கு என்று கேள்வி வந்தது. பதினோரு வருஷமாகச் சீர்காழி கோர்ட்டில் கேஸ் நடக்கிறது. பேச்சுவார்த்தை கிடையாது. நடுவே பக்கிரி நிலத்தை அடமானம் வைத்துவிட்டதாக யாரோ மொட்டைப் பெட்டிஷன் போட்டு, விசாரணை எல்லாம் வந்து போனது. யாரோ என்ன யாரோ, மருதையன்தான் என்பது பக்கிரியின் கணக்கு.

பெண்கள் அவரைக் கவனிக்கவில்லை.

“நில்லு, நில்லு அகிலாண்டம். நான் வர்றேன்.”

“நின்னுக்கிட்டுத்தான இருக்கேன். மெதுவா வாக்கா. நீ வராம படம் நவுராது.”

“செத்துட்டேன்டி.”

“என்கிட்ட ரெண்டு உசுரு இருக்கு. ஒண்ண எடுத்துக்க. அந்தப் பட்டன அமுக்கு.”

நடவு வயலில் காத்தாயி பின்தங்கினால், தன் நிரையை நிறுத்திவிட்டு அவள் நிரையில் நாலு குத்து நாற்று ஊன்றிக் கொடுப்பவள் அகிலாண்டம். பக்கிரிக்கு அது நினைவில் வரவில்லை. பெட்டிஷன்தான் நினைவில் வந்தது.

“யாரு ஒன்ன வரச் சொன்னது? பாத்துட்டுப் போயி புருஷன்கிட்ட சொல்லவா? கவர்மெண்டு டிவியில கேம் ஆடுறாங்கன்னு எழுதிப் போடுவான். மொதல்ல டிவி போவும், அப்பறம் நெலம் போவும்!”

அகிலாண்டம் ரிமோட்டைக் கீழே வைத்தாள். “ஒடம்பு முடியாதவளப் பாக்க வந்தேண்ணே” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கமாகப் போனாள்.

அதன் பிறகு எட்டு நாள் காத்தாயி ரிமோட்டைத் தொடவில்லை. அவரோடு பேசவும் இல்லை. சோறு ஊட்டும்போது பக்கிரி அந்தக் கையைப் பார்த்தார். ஆட்டம் நடந்த நாட்களில் கொஞ்சம் விரிந்திருந்த விரல்கள் மறுபடியும் உள்ளே மடங்கத் தொடங்கியிருந்தன.

ஒன்பதாம் நாள் அவரே கதவைச் சாத்திவிட்டுப் பெட்டியைப் போட்டார். இரண்டாவது ரிமோட்டை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“வா. நான் வர்றேன் தொணைக்கி.”

காத்தாயி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு மடியில் ரிமோட்டை இழுத்து வைத்துக்கொண்டாள். பக்கிரி எல்லாப் பட்டனையும் ஒரே நேரத்தில் அமுக்கினார். அவருடைய ஆள் குதித்த இடத்திலேயே குதித்தான், ஆகாயத்தைச் சுட்டான், ஆறு வந்ததும் நேராக உள்ளே இறங்கினான்.

“இதுலயும் தண்ணிக்கு மொத ஆளா ஓடுறீங்க” என்று காத்தாயி கோணல் வாயால் சிரித்தாள். வாதம் வந்த பிறகு இப்போதுதான் சிரிக்கிறாள்.

ஆனால் மூன்று தடவைக்கு மேல் அவள் ஆடவில்லை. ரிமோட்டை இடது கையால் ஒதுக்கி வைத்தாள்.

“ஒங்களுக்கு நிக்கத் தெரியலங்க. அவ நிப்பா.”

பக்கிரி எழுந்து டிவியை அணைத்தார். பிறகு இரண்டாவது ரிமோட்டைப் பெட்டியிலிருந்து பிடுங்கினார். ஒயரைச் சுற்றினார். துண்டுக்குள் மறைத்தவர், என்ன தோன்றியதோ, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ரிமோட்டை வெளியே தெரியும்படி கையில் பிடித்துக்கொண்டார். வழக்கில் இருக்கிற அந்த இருபது குழியின் வரப்பு மேலேயே நடந்து போய் மருதையன் வாசலில் நின்றார்.

மருதையன் மண்வெட்டிக்குக் காம்பு போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

“கேஸு கேஸா இருக்கட்டும்” என்றார் பக்கிரி. “செவ்வாக்கெழம வாய்தாவுக்கு நான் வருவேன். இருபது குழிய விட மாட்டேன்.”

“நான் மட்டும் விட்டுருவனா?”

“இது கேம் ரிமோட்டு. கவர்மெண்டு டிவியிலதான் சொருவியிருக்கேன். எழுதிப் போடறதுன்னா போட்டுக்க. காத்தாயிக்கு வெரலு மடங்குது. ரெண்டாவது ஆளா அகிலாண்டம் வேணும்.”

மருதையன் மண்வெட்டியைக் கீழே வைத்தார். எழுந்து உள்ளே போனார். நெல் குதிருக்குள் தோள் வரைக்கும் கையை விட்டுத் துழாவி, சாக்கில் சுற்றிய எதையோ எடுத்து வந்து பக்கிரி முன்னால் பிரித்தார். டிவிடி பிளேயர்.

“மருமவன் துபாய்லேருந்து கொண்டாந்தான். ஆறு மாசமா நெல்லுக்குள்ள கெடக்கு. கவர்மெண்டு டிவியில சொருவுனா நீ எழுதிப் போட்டுருவன்னு.”

“நானா?”

“நீதான். வேற யாரு?”

இருவரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு நின்றார்கள். அதற்குள் அடுப்படியிலிருந்து வந்த அகிலாண்டம், பக்கிரி கையிலிருந்த ரிமோட்டை வாங்கிக்கொண்டு வரப்பில் இறங்கிவிட்டாள்.

“ஒல கொதிக்குதுடி!” என்றார் மருதையன்.

“எறக்கி வெச்சிட்டு வாங்க.”

அவர் இறக்கி வைத்துவிட்டுத்தான் வந்தார். பதினோரு வருஷத்துக்குப் பிறகு பக்கிரி வீட்டு நிலைப்படியைத் தாண்டியவர், உட்காரவில்லை. சுவரோரமாக நின்று படத்தைப் பார்த்தார்.

“யாரைய்யா சுடுறாளுவோ?”

“தெரியல. நானும் கேட்டுப் பாத்துட்டேன்” என்றார் பக்கிரி.

ஆறு வந்தது. அகிலாண்டத்தின் ஆள் கரையில் நின்றான். அந்த நேரத்தில் வெளியே தெருவில் வி.ஏ.ஓ. ஆபீஸ் தலையாரியின் சைக்கிள் மணி கேட்டது.

இரண்டு கிழவர்களும் ஒரே பாய்ச்சலில் கதவுக்குப் போனார்கள். சாத்தினார்கள். தாழ்ப்பாள் சரியில்லாத கதவு. ஆளுக்கு ஒரு பக்கமாக முதுகைக் கொடுத்து நின்றுகொண்டார்கள். தோளோடு தோள் இடித்தது. இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது.

“சவுண்ட கொறை” என்று மருதையன் கிசுகிசுத்தார்.

காத்தாயி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அந்த வலது கட்டைவிரலைப் பார்த்தாள். அது நடுங்கியது, விலகியது, மெதுவாகத் திரும்பி வந்து பட்டன் மேல் உட்கார்ந்தது.

“நிக்கிறியா அகிலாண்டம்?”

“நிக்கிறேன்க்கா. வா.”

கட்டைவிரல் அமுங்கியது. மஞ்சள் சட்டைக்காரன் ஆற்றைத் தாண்டினான்.