ஒன்பது போத்தல் கடல்

சனிக்கிழமை அஸர் தொழுகை முடிந்த கையோடு ரபீகா கதிரையில் ஏறி, அலுமாரிக்கு மேலிருந்த பெரிய புரியாணிப் பானையை இறக்கினாள். பானைக்குப் பக்கத்தில் ஒன்பது போத்தல்கள் வரிசையாக நின்றன. எல்லாவற்றிலும் கழுத்துவரை தண்ணீர். ஒவ்வொன்றிலும் பிளாஸ்டர் துண்டு ஒட்டி, மகள் ஸுமைராவின் கையெழுத்தில் ஓர் ஊர்ப் பெயர்: மிரிஸ்ஸ, பாசிக்குடா, கல்பிட்டி, அறுகம்பை... எல்லாம் ரபீகாவின் கடல்கள். அவள் போய்வந்த கடற்கரைகள் ஒன்பது. கால் நனைத்தது ஒன்றிலுமில்லை.

பௌர்ணமிக்கு அந்தப் போத்தல்களுக்குள் அலை எழும்பும் என்று அக்குறணையில் அவள் வீட்டு ஒழுங்கையில் குடியிருப்பவர்கள் சொல்வார்கள். அதிலும் மிரிஸ்ஸ போத்தலுக்குக் குணம் மோசம். ஒரு போயாப் பௌர்ணமி தினத்தில் அது மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்து, அலுமாரிக்குள் மடித்து வைத்திருந்த ஹபீலின் சாரங்கள் நான்கை நனைத்துவிட்டதாம். ரபீகாவின் கணவர் ஹபீல் படித்த மனிதர், இதையெல்லாம் நம்புவதில்லை. ஆனாலும் அன்றிலிருந்து அவர் சாரங்களை வேறு அலுமாரியில்தான் வைக்கிறார்.

ஹபீலுக்கு அக்குறணைக் கடைத்தெருவில் பிளாஸ்டிக் சாமான் கடை. வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு, தங்கை கைரியாவின் குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குப் போவார். போய் இறங்கியதும் பாயை விரிப்பார்கள். பாயின் மேல் பைகள், பைகளின் மேல் போன்கள், பாயைச் சுற்றிச் செருப்புகள். பிறகு ஹபீல், "ரபீகா, சாமான் கவனம்" என்பார். அதை அதட்டல் என்று சொல்ல முடியாது. வேன் புறப்படும்போது ஹோர்ன் அடிப்பதைப் போல ஒரு பழக்கம்.

முதல் வருஷம் மிரிஸ்ஸவில் ரபீகாவுக்குச் சளித் தடிமன். அதனால் அன்று பாயில் உட்கார்ந்தாள். தடிமன் ஒரு வாரத்தில் போய்விட்டது. உட்கார்ந்த இடம் மட்டும் பத்து வருஷமாகப் போகவில்லை. அன்று பத்து வயதாக இருந்த ஸுமைரா ஒரு சோடாப் போத்தலில் தண்ணீர் மொண்டு வந்து, "உம்மா, இந்தாங்க ஒங்கட கடல்" என்று கொடுத்தாள். அப்படித் தொடங்கியதுதான் அந்த வரிசை.

இந்த முறை திருகோணமலை. மகன் பவாஸ் போனிலேயே பேசி, திமிங்கிலம் பார்க்கப் போகும் போட் ஒன்றைப் பிடித்திருந்தான். காலையில் போட், மத்தியானம் சாப்பாடு, பின்னேரம்வரை கடற்கரையில் படுக்கை என்று திட்டம். ஒரு வாரமாக ரபீகா மாசிக் கருவாட்டுத் தகரத்தில் போனைச் சாய்த்து வைத்து, வெங்காயம் உரித்துக்கொண்டே திமிங்கில வீடியோ பார்த்தாள். கண்ணில் வந்த தண்ணீரை வெங்காயத்தின் கணக்கில் எழுதினாள்.

"போட்டுக்கு எத்தின பேர் மகன்?" என்று உப்பு இருக்கிறதா என்று கேட்பது போலக் கேட்டாள்.

"பத்துப் பேர் உம்மா. நாங்க எல்லாரும்தான்."

வேனில் போகப் போவது, டிரைவரைத் தவிர்த்துப் பதினொரு பேர். பவாஸ் உயர்தரப் பரீட்சையில் கணிதத்துக்கு ஏ எடுத்தவன்.

ரபீகா பயணப் பையை எடுத்தாள். பையின் அடியில் ஒரு மாற்று அபாயாவை மடித்து வைத்தாள். ஒவ்வொரு பயணத்துக்கும் அதை வைப்பாள். ஒவ்வொரு முறையும் அது அதே மடிப்போடு திரும்பி வரும்.

வேன் விடியுமுன் புறப்பட்டது. ஓட்டியவர் ஹந்தானை முத்துலிங்கம். ஹபீலின் எல்லாப் பயணங்களுக்கும் அவர்தான். புரியாணிப் பானைக்கு ஓர் ஆசனம் ஒதுக்கி, பெல்ட்டும் போட்டிருந்தார். மலைப்பாதையின் எந்த வளைவிலும் அந்தப் பானை ஒரு சோற்றைக்கூடச் சிந்தியதில்லை.

"பானைக்கு பெல்ட் போட்டாச்சும்மா. ஒங்களுக்கு?" என்று கண்ணாடியில் பார்த்துக் கேட்டார்.

வட்டிலப்ப இனிப்புத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு சீட்டுக்கு நடுவில் ஸ்டூலில் இருந்த ரபீகா சிரித்தாள். "எனக்கு சீட்டு ஈந்தாத்தானே முத்துலிங்கம் பெல்ட்டு."

வழியில் ஹபரணையில் அதிகாலை சுபஹ் தொழுதார்கள். ஏழு மணிக்குத் திருகோணமலைக் கடற்கரை. கரையிலேயே போட் காத்திருந்தது. போட்காரர் செம்மஞ்சள் ஜக்கெட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். பத்தாவதோடு அவருடைய கை நின்றுவிட்டது.

"உம்மாட ஜக்கெட்?" என்றாள் ஸுமைரா.

எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள். பவாஸின் முகத்தில் கணக்கு ஒன்று பிழையாகிப்போன கறுப்பு ஓடியது. அதற்குள் ரபீகாவே அவர்களுக்கு உதவி செய்தாள். இந்த விஷயத்தில் அவர்களுக்கு எப்போதும் உதவி செய்பவள் அவள்தான்.

"நான் வந்தா சாமான ஆரு பாக்குற? நீங்க போங்க."

"நான் ஈக்கிற உம்மா, நீங்க போங்க" என்றாள் மகள்.

"பைத்தியமா? போ புள்ள. எனக்குத் தல சுத்தும்."

"அவவுக்கு இதெல்லாம் புடிக்காது ஸுமைரா, நீ ஏறு" என்று போட்டிலிருந்து கைரியா கத்தினாள்.

"ரபீகா, சாமான் கவனம்" என்றார் ஹபீல். போட் கிளம்பிவிட்டது. கடற்கரையில் ஒரு பாய், ஒரு பானை, பத்துச் சோடிச் செருப்பு, ரபீகா. சற்றுத் தள்ளி மர நிழலில் வேன். வேனுக்குள் முத்துலிங்கத்தின் குறட்டை.

ரபீகா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு ஒன்றை இவ்வளவு தூரமாகப் பார்ப்பதற்கு நல்ல பயிற்சி வேண்டும். அவளுக்குப் பத்து வருஷப் பயிற்சி. அலை வந்து, பாய்க்குப் பத்தடி தள்ளி நின்று, கூப்பிட்டும் வராதவளைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டுத் திரும்பியது. திரும்பவும் வந்தது. வீட்டில் உலை வைக்கும்போதும், துணி காயப்போடும்போதும் அவளுக்கு இந்தச் சத்தம் கேட்பதுண்டு. சொன்னால் காது டொக்டரிடம் கூட்டிப் போய்விடுவார்கள் என்று சொன்னதில்லை.

அப்போதுதான் தூரத்தில், போட் போன திசைக்கு நேர் எதிரே, கடலுக்குள்ளிருந்து ஒரு வெள்ளைத் தண்ணீர்த் தூண் எழுந்தது. ரபீகா எழுந்தாள். அதன் கீழே கறுப்பாக ஏதோ உயர்ந்தது. ஓர் அடி முன்னால் வைத்தாள். ஜும்ஆப் பள்ளியின் கூரையைக் கழற்றி மிதக்கவிட்டது போல ஒரு முதுகு. இன்னும் நான்கு அடி. பிறகு வால், இரண்டு கைகளை ஏந்தியது போல நிமிர்ந்து, சத்தமில்லாமல் உள்ளே போனது. போகும் முன் அது தன்னைத் திரும்பிப் பார்த்தது என்று ரபீகா இன்றும் சொல்கிறாள். நம்பத்தான் வேண்டும். அவள் வாழ்நாளில் சொன்ன பொய்கள் இரண்டே இரண்டு: 'எனக்குப் பசியில்ல', 'எனக்குத் தல சுத்தும்.'

குனிந்து பார்த்தபோது கரண்டைக்கால்வரை தண்ணீர். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. உள்ளங்காலின் கீழ் மணல் கரைந்து ஓடியது. கூசியது. அல்லாவே, இவ்வளவு சூடாகவா இருக்கும் கடல்? போத்தலில் வந்ததெல்லாம் ஆறியல்லவா வந்தது!

"அம்மா! மானு! மானும்மா!"

முத்துலிங்கம் வேனிலிருந்து சாரத்தைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். திருகோணமலைக் கோட்டைப் பக்கமிருந்து மூன்று புள்ளிமான்கள், கலியாணத்துக்கு அழைப்பு வந்தவர்களைப் போல அமைதியாக நடந்து வந்து, பாயில் விருந்தைத் தொடங்கியிருந்தன. ஒன்று வெள்ளரிக்காய்க்கு, ஒன்று வாழைப்பழத்துக்கு. மூன்றாவது பத்திரிகையிலிருந்து தொடங்கியது. படிக்கத் தெரிந்த மான் போலிருக்கிறது. பானையின் மூடியை ஒரு நாய் தள்ளிவிட்டிருந்தது. வட்டிலப்பத்தின் மேல் காகங்கள்.

"ஓடியாங்கம்மா! நா ஒரு ஆளு என்னத்த வெரட்டுறது!"

ரபீகா பானையைப் பார்த்தாள். இரவு முழுக்கக் கிண்டிய புரியாணி. ஓடினால் பாதியைக் காப்பாற்றலாம். ஓடினால் பிறகு பாயில்தான் உட்கார வேண்டும். அலை வந்து முழங்காலைத் தொட்டது. ரபீகா கடலின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்சம் முத்துலிங்கம்" என்றாள். "இன்னும் கொஞ்சம்."

தனக்காக அவள் கேட்ட முதல் 'இன்னும் கொஞ்சம்' அது.

பத்து மணிக்குப் போட் திரும்பியது. போனபோது செம்மஞ்சளாக இருந்தவர்கள் பச்சையாக வந்திறங்கினார்கள். மூன்று மணித்தியாலம் அலைந்தும் திமிங்கிலத்தின் வாலைக்கூட அவர்கள் காணவில்லை. ஹபீல் வாந்தியாகக் கொடுத்ததைத் தின்னக் கூட்டமாக வந்த மீன்கள்தான் அவர்கள் கண்ட ஒரே கடல்வாழ் உயிரினம். வயிறு காலியாகி, எல்லோருக்கும் பசி பிய்த்தது.

ஹபீல் பானைக்குள் எட்டிப் பார்த்தார். "சோறு எங்க?"

"மானும் நாயும் சாப்பிட்டிச்சு" என்றாள் ரபீகா. இடுப்புவரை நனைந்திருந்தாள்.

"நீ எங்க ஈந்த?"

"கடல்ல."

ஹபீல் மறுபடியும் பானைக்குள் எட்டிப் பார்த்தார். கைரியா முன்னால் வந்தாள். "ஒரு பானய பாத்துக்கொள்ள ஏலாதா மச்சி? நாங்க பசியில சாகுற!"

ரபீகா பையின் அடியிலிருந்து மாற்று அபாயாவை எடுத்தாள். விரித்தபோது மடிப்புகள் தகரத்தில் அடித்த கோடுகளைப் போல நின்றன. ஸுமைரா அதைத் தொட்டுப் பார்த்தாள்.

"இது எப்ப தச்ச உம்மா? நான் கண்டதே இல்ல."

"மொதல் வருஷம். மிரிஸ்ஸவுக்குப் போகக்குள்ள."

"பத்து வருஷமா? நீங்க ஒருக்காலும் உடுக்கல்லயே!"

"நனைஞ்சாத்தானே மகள் மாத்துற."

குற்றம் சொல்லும் குரலில் அவள் சொல்லவில்லை. கைரியா தன் ஈரமான கால்களைப் பார்த்தாள். பவாஸ் விரல்விட்டு எண்ணினான். இந்த முறை பதினொன்று சரியாக வந்தது.

ஹபீல் மெதுவாகப் பாயில் உட்கார்ந்தார். செருப்புகளை ஒழுங்காக அடுக்கினார்.

"நீ போ. ஸுமைராவக் கூட்டிக்கொண்டு போ. நான் சாமான பாத்துக்கொள்ற."

"நானா, நீங்களா?" என்று அண்ணனைப் பார்த்துக் கேட்டாள் கைரியா.

"ஏன், எனக்குக் கண்ணில்லயா?" என்றவர் வேன் பக்கம் திரும்பினார். "முத்துலிங்கம், நீங்களும் போங்க. நீங்களும் பத்து வருஷமா வேனுக்குள்ளதானே."

"நா எதுக்குங்க மொதலாளி" என்றார் முத்துலிங்கம். சொல்லும்போதே அவருடைய கால்கள் புறப்பட்டுவிட்டன.

பவாஸ் எல்லோருக்கும் கடையில் பாண் ரொட்டியும் பருப்பும் வாங்கி வந்தான். ஹபீல் பின்னேரம்வரை பாயில் இருந்தார். கால் மணித்தியாலத்தில் தலையில் வெயில் ஏறியது. காகத்தை விரட்டினால் நாய் வந்தது. நாயை விரட்டினால் மணல் வந்தது. எல்லாவற்றையும்விட, எல்லோருடைய முதுகு மட்டும்தான் தெரிந்தது. தூரத்தில் அவர்கள் சிரித்தார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று இங்கே கேட்கவில்லை. இப்படி ஒன்பது முறை ஒருத்தியை இங்கே உட்கார வைத்துவிட்டு, அந்தப் பக்கத்தில் நின்று சிரித்திருக்கிறோம் என்பது வெயிலைவிடச் சுட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை பின்னேரம், அக்குறணையில் பிங்கா ஓயா ஆற்றுப் பாலத்தில் ஹபீலும் ரபீகாவும் நின்றிருந்தார்கள். ஹபீலின் கையில் கடைப் பை. பைக்குள் ஒன்பது போத்தல். அவர் ஒவ்வொன்றாக மூடியைத் திறந்து கொடுத்தார். ரபீகா ஊற்றினாள். பிங்கா ஓயா மகாவலியில் சேரும். மகாவலி திருகோணமலையில் கடலில் சேரும். வழி தெரிந்த தண்ணீர்தான். மிரிஸ்ஸ போத்தல் மட்டும் கடைசியில் ஒரு சின்ன அலையாக எழுந்து, ஹபீலின் சாரத்தை நனைத்துவிட்டுப் போனது.

போன் கடை ரஸீன் சைக்கிளை நிறுத்தினார். "என்ன ஹபீல் நானா ஊத்துற?"

"கடல்."

ரஸீன் பாலத்துக்குக் கீழே எட்டிப் பார்த்தார். பேச்சை மாற்றினார். "ஞாயித்துக்கிழம நாங்களும் பாசிக்குடாவுக்கு. வீட்டுல எல்லாரும்தான்."

"சாமானுக்கு ஆரு?"

"அது... எங்கட வீட்டுல அவ எப்பயும் பாத்துக்கொள்ளுவா நானா. அவவுக்கு கடலெல்லாம் புடிக்காது."

ஹபீல் காலிப் போத்தல்களைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"நானும் அப்பிடித்தான் செல்லிக்கொண்டு ஈந்த ரஸீன். புடிக்காதா எண்டு ஒருக்காலும் கேக்கல்ல. ஊட்டுல ஒரே ஆள்தான் எப்பயும் சாமானோட குந்துறா எண்டா, நாங்க குடும்பத்தோட போகல்ல. காவலுக்கு ஒரு ஆளக் கூட்டிக்கொண்டு போயிருக்கிற. அவ புடிக்காது எண்டு செல்லுறது, நாங்க கேக்காததுனால. மொறைக்கு மொற மாறிக் குந்துங்க. எல்லார்ட காலும் நனைஞ்சாத்தான் அது ட்ரிப்பு."

ரஸீன் சைக்கிளைத் திருப்பினார். அவருடைய வீடு எதிர்ப்பக்கம் இருந்தது. கடை இந்தப் பக்கம். அவர் வீட்டுப் பக்கமே போனார்.